வலித்தூண்டல்

வற்று நேரம். கத்தியின் முதுகால்
ஒரே ஒரு நெம்பு. தவறினால் முடிந்தது.
பிறகு உளி வைத்தாலும்
கல்தான் பெயரும்.
எட்டு ஓட்டுத் தகடு, சுற்றிவரத் தோல் விளிம்பு,
கரையின் நிறமே அதற்கும்.
"கல்லொட்டி" எண்டார் அருளப்பு அண்ணை.
அது அதன் பெயரோ,
நான் கேட்டதற்காக அவர் வாயில் வந்ததோ தெரியாது.

ஊரின் பெயர் வலித்தூண்டல்.
மாதிரிப் போத்தலில் ஒட்டும் சீட்டில்
அதை எழுதும்போதெல்லாம் பேனை ஒரு கணம் நிற்கும்.
உடற்றொழிலியல் விரிவுரையில்
இதே சொல்லுக்கு வேறு பொருள்.

திருநெல்வேலியில், ஆய்வுகூடத்தில்,
நுணுக்குக்காட்டியின் கீழே
ஓடு ஓடாக இல்லை.
துளைகள். துளைதோறும்
தகட்டை ஊடறுத்து மேலேறும் இழையத் தண்டு,
அதிலிருந்து பிரியும் நூல் கிளைகள்,
கிளைக்கொரு சின்னத் தொப்பி.
நடுநடுவே, கறுப்பு வளையத்துக்குள்
வியர்வைத் துளிபோல ஒரு மேடு:
வில்லை.
அதன் கீழே நிறமிக் கிண்ணம், விழித்திரை,
கண் என்று சொல்லத் தேவையான எல்லாம்.
முதல் தகட்டில் எண்ணத் தொடங்கினேன்.
நூற்றுப் பதினேழில் மின்சாரம் போனது.

வில்லையும் கல்தான். அரகனைற்று.
காங்கேசன்துறை ஆலை அரைத்துச் சீமெந்தாக்கிய
சுண்ணக்கல்லும் இதுவும் ஒரே சரக்கு,
அடுக்கிய விதம்தான் வேறு.
நாங்கள் மதில் எழுப்பினோம்.
இது அதனூடாகப் பார்க்கிறது.

சிக்கல் இதுதான்.
இழையத்தைச் சீவி எடுக்க
ஓட்டை அமிலத்தில் கரைக்கவேண்டும்;
ஓடு போகும்போது வில்லையும் போய்விடும்.
வில்லையைக் காப்பாற்ற
வெளிற்றும் திரவத்தில் இழையத்தை எரிக்கவேண்டும்.
ஆக, மேசையில் இரண்டு வழுக்கிகள்.
ஒன்றில் வெளிச்சம் வந்து சேராத விழித்திரை,
மற்றதில் ஆளில்லாத வீட்டு யன்னல்.
இரண்டையும் பார்த்துப் பார்த்து
ஒரே படமாகக் கீறி
"கண்: நெடுக்குவெட்டு" என்று கீழே எழுதினேன்.
பரீட்சகர் ஒன்றும் கேட்கவில்லை.

உயிரோடு மிஞ்சிய ஆறையும்
கடல்நீர்த் தட்டில் விட்டு
விளக்கை மெல்ல மெல்லக் குறைத்தேன்.
அவை தம்பாட்டில் மேய்ந்தன.
பிறகு அதே அளவு இருட்டை
ஒரு கறுப்பு வட்டமாக்கி மேலே காட்டினேன்.
விளிம்புகள் இறுகின, ஆறும்.
முகில் வேறு, ஆள் வேறு என்று
திரண்ட மூளை இல்லாத ஒன்றுக்குத் தெரிந்திருக்கிறது.
அன்றிரவு பேரேட்டில் நேரத்தைக் குறித்தேன்,
தூரத்தைக் குறித்தேன்,
தெருவில் ஏதோ வாகனம் வேகம் குறைக்க
என் தோள் ஏன் இறுகியது என்பதைக் குறிக்கவில்லை.

அடுத்த வற்றுக்குப் போனபோது
அருளப்பு அண்ணை வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்,
கால் நூற்றாண்டுக்கு மேல் அவரை இங்கே வரவிடாத
காவலரணின் கொங்கிறீற்று அடித்தளத்தில்.
சொன்னேன்.
"உதுக்குக் கண்ணோ? எத்தினை?"
"ஐந்நூறுக்கு மேலே இருக்கும் அண்ணை."
"அப்ப எல்லாத்தையும் பாத்திருக்கும்."

இல்லை என்று திருத்தினேன், என் தொழில் அது.
மங்கலாகத்தான் தெரியும்.
அதோடு பழைய கண்கள் அலை உரசித் தேய்ந்துவிடும்,
புதியவை தகட்டின் ஓரத்தில் முளைக்கும்,
சாகும்வரை முளைத்துக்கொண்டே இருக்கும்.
இப்போது திறந்திருக்கும் கண்ணுக்கு
முந்தியது ஒன்றும் தெரியாது.

அவர் வலையின் ஈர மடிப்பைத் தேடிப் பிரித்தார்.
"ஓரத்திலையோ," என்றார், கொஞ்சம் கழித்து.

கற்குழியில் ஒன்று இருந்தது,
பெரியது, முதுகெல்லாம் தேய்ந்தது.
கத்தி பைக்குள்ளேயே கிடந்தது.
வெயில் என் பின்னால் இருந்தது.
எழும்பி, சுற்றிவந்து,
நிழல் கடலில் விழும் பக்கமாகப் போய்
குந்தினேன்.